பியர் காய்ச்சுற பள்ளிக்கூடம் ஒண்டு டவுனுக்குள்ள கட்டுறதெண்டா, முதல்ல கானைக் கீறுங்க

இந்த வருசம் மட்டும் மூண்டு பேர் என்னட்ட வந்து ஒரே விசயத்தைக் கேட்டுட்டாங்க. திருகோணமலை டவுனுக்குள்ள சின்னதா பியர் காய்ச்சுற இடம், அதுக்குள்ளயே ஆக்களுக்குப் படிப்பிக்க ஒரு கிளாஸ்ரூம், ரெண்டையும் ஒரே கட்டடத்தில போடலாமா எண்டு. போடலாம். ஆனா மூண்டு பேரும் கொண்டு வந்தது முன்பக்கத்துப் படம் தான், கண்ணாடி, மரப்பலகை கவுண்டர், தொங்குற பல்ப், எங்கயோ குளிர் நாட்டில எடுத்தது. கான், அதான் கழிவுத்தண்ணி ஓடுற வாய்க்கால், எங்கால போகுது எண்டு கேட்டா ஒருத்தர்ட்டயும் பதில் இல்ல. நான் பிளான் கீறுறவன், பியர் காய்ச்சுற ஆள் இல்ல, ஆனா ஜிஞ்சர் பியர் போடுற இடம், ஐஸ் பக்டரி, மீன் வெட்டிப் பொதி பண்ற இடம் எண்டு ஈரக் கட்டடம் கொஞ்சம் செய்திருக்கிறன், பியரும் அந்தச் சாதி தான். ஈரக் கட்டடத்தைக் கானில தொடங்கி மேல கீறிக்கொண்டு வரவேணும்.

காய்ச்சுறது எண்ட உடன எங்கட ஆக்களுக்கு கசிப்பு தான் ஞாபகம் வரும், அதால பக்கத்து வீட்டுக்காரருக்கு நேரத்தோட விளங்கப்படுத்தி வையுங்க. கசிப்பும் சாராயமும் வடிக்கிறது, பியர் வடிக்கிறதில்ல. முளைக்க வைச்சுக் காயவைச்ச பார்லிய, அதைத்தான் மோல்ட் எண்டுறது, உடைச்சு 65 பாகை அளவு சுடுதண்ணியில ஒரு மணித்தியாலம் ஊறவைச்சா அதில இருக்கிற மாச்சத்து சீனியா மாறும், அந்தச் சாறைப் பிரிச்செடுத்து ஹொப்ஸ் எண்டுற கசப்புப் பூவைப் போட்டு இன்னொரு மணித்தியாலம் கொதிக்கவைச்சு, கெதியா ஆறவைச்சு, ஈஸ்ட் போட்டு டாங்கில மூடிவிடுறது, அவ்வளவு தான். சாமான் அறை, உடைக்கிற இடம், கொதிக்கிற சூட்டுப் பக்கம், புளிக்கிற குளிர்ப் பக்கம், கழுவுற இடம் எண்டு கட்டடத்தில அறை வாறது இந்த வரிசையில தான். இந்த வரிசையைப் பிளானில முன்னுக்குப் பின்னா போட்டா பிறகு மூட்டையையும் பைப்பையும் குறுக்கால இழுத்துக்கொண்டு திரியவேண்டி வரும்.

காணி வாங்க முதல் மூண்டு கந்தோருக்குப் போங்க. பியர் செய்யவும் விக்கவும் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ லைசன்ஸ் வேணும், அதுக்கு மதுவரித் திணைக்களம், கோயிலும் பள்ளிக்கூடமும் கிட்ட இருக்கிற காணியெண்டா அங்கயே கதை முடிஞ்சிடலாம், எங்கட டவுனில எந்தத் தெருவில கோயில் இல்லாம இருக்கு சொல்லுங்க பாப்பம். கழிவுத் தண்ணிக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை. மூண்டாவது கரையோரம் பேணல் திணைக்களம், கடல் ஏறுற கோட்டில இருந்து தரைப்பக்கமா 300 மீற்றர் அவங்கட வலயம், எங்கட டவுன் ஒரு பக்கம் டச்சு குடா, மறுபக்கம் உள்துறைமுகம் எண்டு நடுவில கழுத்து மாதிரிக் கிடக்கிறதால கனக்கக் காணி அந்தக் கோட்டுக்குள்ள தான் விழும். இதெல்லாம் நடக்கிறதுக்கு முதல் அத்திவாரம் வெட்டாதீங்க. லைசன்ஸ் இழுபட்டாலும் கட்டடம் சும்மா கிடக்காம இருக்கவேணுமெண்டா ஜிஞ்சர் பியர், கொம்புச்சா எண்டுற புளிக்கவைச்ச தேத்தண்ணி, வினாகிரி செய்யவும் ஏத்த மாதிரிக் கீறுங்க. அதே கான், அதே நிலம், அதே தண்ணி தான், பெருசா ஒண்டும் மாறாது.

காணி மூலைக்காணியா இருந்தா நல்லம், 20 பேர்ச் கிட்ட, அதாவது 500 சதுர மீற்றர். மூலை ஏன் எண்டா ரெண்டு தெரு, ரெண்டு வாசல். பியர் விக்கிற கவுண்டருக்கு ஒரு வாசல், கிளாஸ்ரூமுக்கு மற்றத் தெருவில தனி வாசல், தனிப் படி. 21 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்கு மதுசாரம் விக்கிறது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், ஆனா தோசை மா ஏன் புளிக்குது, தயிர் எப்படி உறையுது எண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஒரு தடையும் இல்ல. அந்தப் பிள்ளை கவுண்டரைத் தாண்டாம மேல ஏறவேணும், தாய்மார் "தவறணைக்குள்ளால போய் என்ன படிப்பு" எண்டு கேக்காம அனுப்பவேணும். சட்டத்தை விட இந்த ரெண்டாவது காரணம் எங்கட ஊரில பெருசு. அதே சட்டம் மதுசார விளம்பரத்தையும் தடுக்குது, அதால முன் சுவரில பெரிய போத்தல் படம் கீறுற ஆசையை விடுங்க, பள்ளிக்கூடப் பேரைப் போடுங்க. போயா எண்டுற பூரணை நாளில கவுண்டர் பூட்டு, அண்டைக்கும் மேல ஜிஞ்சர் பியர் கிளாஸ் நடக்கும், தனி வாசல் இருந்தா.

இனிக் கான். ஒரு தரத்துக்கு 500 லீற்றர் காய்ச்சுறதெண்டு வைப்பம். சின்ன இடங்களில ஒரு லீற்றர் பியருக்கு அஞ்சாறு லீற்றர் தண்ணி போகும், கழுவுறதுக்குத் தான் கூட. ஆக 3000 லீற்றர் தண்ணி உள்ள வந்து, அதில 2500 கிட்ட நிலத்தால ஓடி வெளிய போகுது. நிலம் 60க்கு 1 சரிவு வேணும், சுவரில இருந்து மூண்டு மீற்றர் தள்ளி நடுக் கான் எண்டா 5 சென்ரிமீற்றர் இறக்கம். கானை டாங்குக்குக் கீழ போடாதீங்க, டாங்குக்கு முன்னால ஆள் நிக்கிற பக்கம் நீளமாப் போடுங்க, ஒரு சாண் அகலம், மேல கழட்டிக் கழுவுற கம்பித்தட்டு. இப்ப கணக்குப் பாருங்க, நிலச் சரிவு 5, கானிட ஆழம் 15, கானில இருந்து பின்வளவுத் தொட்டி மட்டும் 12 மீற்றர் பைப் எண்டா இன்னொரு 20, தொட்டி வாய்க்கு மேல கொஞ்சம், எல்லாம் சேத்து 60 சென்ரிமீற்றர் வருது. இந்த 60ஐ நிலத்துக்குக் கீழ தோண்டி எடுக்கலாம் எண்டு நினைச்சா மார்கழி மழையில ஊத்துத் தண்ணி மேல வந்து தொட்டிக்குள்ள நிக்கும், எங்கட மணல் நிலம் தெரியும் தானே. அதால வீட்டு மட்டத்தைத் தான் 60 உயர்த்தவேணும். உயர்த்தினா கெக், அதான் பியர்ப் பீப்பா, உருட்டுற வண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் 12க்கு 1 சரிவுப்பாதை, அது 7.2 மீற்றர் நீளம், உங்கட முன்பக்கத்தில பாதியை அது சாப்பிட்டிடும். முன்பக்கப் படத்தை முதல் கீறாதீங்க எண்டு நான் சொல்றது இதுக்குத் தான், அந்தப் படத்தைக் கீறுறது நீங்க இல்ல, கான்.

நிலத்திட மேல்பூச்சில நான் சூடு கண்டவன். ஒருக்கா ஒரு ஜிஞ்சர் பியர் இடத்துக்கு சாதாரண டைல்ஸ் ஒட்டி வெள்ளைச் சிமெந்தால இடைவெளி நிரப்பிக் குடுத்தன், சரிவும் 100க்கு 1 தான், அப்ப காணும் எண்டு நினைச்சன். ஒரு வருசத்துக்குள்ள இடைவெளிச் சிமெந்து முழுக்கக் கரைஞ்சு, டைல்ஸுக்குக் கீழ சீனித் தண்ணி போய் நிண்டு, நாத்தம் தெருவுக்கு வந்திட்டுது, உடைச்சு எடுக்கேக்க மேசன்மார் மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டாங்க. புளிச்ச தண்ணி சிமெந்தைத் தின்னும், பியரிட பிஎச், அதாவது புளிப்பு அளவு, நாலு சொச்சம், போதாக்குறைக்கு டாங்க் கழுவ 70, 80 பாகைச் சூட்டில கோஸ்டிக் சோடா வேற. இதுக்குத் தாங்கிறது பொலியூரித்தேன் கலந்த சிமெந்து மேல்பூச்சு, 6 மில்லிமீற்றர் கிட்ட. எப்பொக்சி பளபளப்பா நல்லா இருக்கும், சுடுதண்ணி ஊத்தி ஊத்தி ஒரு நாளைக்கு மேல் தோல் மாதிரி கழண்டு வரும். விலை கூடத் தான், வேற எங்கயாவது குறையுங்க, கவுண்டர் பலகையில குறையுங்க. நிலமும் சுவரும் சேர்ற மூலையை வளைச்சு ஒரு சாண் மேல ஏத்திவிடுங்க.

வெளிய போற தண்ணி பாக்கக் கஞ்சித்தண்ணி மாதிரித் தான், ஆனா பொல்லாதது. உள்நாட்டு நீர்நிலையில விடுற தொழிற்சாலைத் தண்ணியிட பிஓடி, அதாவது கிருமி அந்த அழுக்கைத் தின்ன எடுக்கிற ஒட்சிசன் அளவு, லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, பியர் இடத்துத் தண்ணி ஆயிரத்தைத் தாண்டி ரெண்டாயிரம் மூவாயிரம் எண்டு நிக்கும். அப்படியே ஊறுகுழிக்குள்ள விட்டா நாலு வளவு தள்ளி இருக்கிற கிணறும் போகும். ரெண்டு நாள் தண்ணியைத் தாங்குற 5000 லீற்றர் சமப்படுத்துற தொட்டி ஒண்டு, கோஸ்டிக்கும் அசிட்டும் அதுக்குள்ள கலந்து தணியும், பிறகு தடுப்புச் சுவர் வைச்ச காத்துப்படாத தொட்டி, அதுக்குப் பிறகு காத்து ஊதுற தொட்டியோ செடி வைச்ச கல்லுப் படுக்கையோ இடத்தைப் பொறுத்து. இதுக்குப் பின்வளவில முதல்லயே இடம் ஒதுக்குங்க, வாகனத் தரிப்பிடம் போக மிச்சத்தில போடலாம் எண்டு நினைச்சா மிச்சமே இருக்காது. டாங்க் அடியில நிக்கிற ஈஸ்ட் மண்டியையும் ஹொப்ஸ் சக்கையையும் கானில விடவே கூடாது, வாளியில எடுங்க, தண்ணியிட பாதி அழுக்கு அதில குறைஞ்சிடும். வடிச்ச மோல்ட் சக்கை ஒரு தரத்துக்கு ஈரத்தோட 100 கிலோவுக்குக் குறையாது. அண்டைக்கே மாட்டுக்காரர் ஏத்திக்கொண்டு போகவேணும், எங்கட வெயிலுக்குப் பின்னேரத்துக்குள்ள புளிச்சிடும், அதால பின்கேற்றில லொறி நிக்க இடமும் இறுக்கி மூடுற பீப்பாவும் வேணும். மூடாட்டி விடியக்குள்ள கோட்டைப் பக்கத்து மானெல்லாம் வாசலில நிக்கும், பகிடி இல்ல.

சூடு குளிர் விசயத்துக்கு வருவம், இதில தான் குளிர் நாட்டுப் பிளான் எங்களுக்குச் சரிவராது. 500 லீற்றரை 30 பாகையில இருந்து கொதிக்க வைக்கவே 45 யூனிற் கரண்ட் போகும், பிறகு ஒரு மணித்தியாலக் கொதிக்கு இன்னும் 20 சொச்சம். 30 கிலோவாட் ஹீற்றர் போட்டாத் தான் பகலுக்குள்ள வேலை முடியும். த்ரீ பேஸ் 60 அம்பியர் லைனில 42 கேவிஏ வரைக்கும் தான், அதுக்கு மேல போனா பல்க் சப்ளை, வேற கணக்கு வேற செலவு, அதால காய்ச்சுற நேரத்தில மேல கிளாஸில இன்டக்ஷன் அடுப்பு எரியாத மாதிரி சுவிட்சிலயே பூட்டு வையுங்க. கொதி முடிஞ்ச சாறை ஈஸ்ட் போடுற சூட்டுக்கு இறக்கவேணும், ஏல் எண்டுற பியர் வகைக்கு 20 பாகை கிட்ட. ஜேர்மன்காரனுக்குப் பைப் தண்ணியே பத்துப் பன்னிரண்டு பாகையில வரும், எங்கட கூரை டாங்க் தண்ணி சித்திரையில கை வைக்கேலாது. ஆக ரெண்டு கட்டம் வேணும், முதல்ல கிணத்துத் தண்ணி அல்லது பைப் தண்ணியால 35 கிட்டக் கொண்டு வந்து, பிறகு முதல் நாளே குளிராக்கி வைச்ச 1000 லீற்றர் தண்ணியால மிச்சம். இந்தக் குளிர்த் தண்ணி டாங்குக்கும், சில்லர் எண்டுற தண்ணி குளிராக்கிற மெசினுக்கும் இடம் பிளானில இருக்கவேணும், நிழல்ப் பக்கம், கடல் உப்புக் காத்து நேரா அடிக்காத பக்கம், இல்லாட்டி சில்லரிட அலுமினியத் தகடு ரெண்டு வருசத்தில மாவா உதிரும். முதல் கட்டத்தில சூடாகி வாற தண்ணியை வீசாதீங்க, அதுக்கு ஒரு சுடுதண்ணி டாங்க், கழுவ உதவும். நோர்வே நாட்டு குவெய்க் எண்டு ஒரு ஈஸ்ட் இருக்கு, 30 பாகைக்கு மேலயும் நல்லா வேலை செய்யும், அதோட தொடங்கினா சில்லரைச் சின்னனாப் போடலாம்.

டாங்க் எல்லாம் கீழ் வீட்டில தான். 500 லீற்றர் டாங்க் நிரம்பினா டாங்கோட சேத்து 600, 700 கிலோ, அது நாலு சின்னக் காலில நிக்குது, கிளாஸ்ரூமுக்குக் கட்டுற பிளட், அதான் மாடிக் கொங்கிறீட் தட்டு, சதுர மீற்றருக்கு 300 கிலோ கணக்கில போடுறது. முந்தி ஐரோப்பாவில கோபுரம் மாதிரிக் கட்டி மோல்ட்டையும் தண்ணியையும் உச்சிக்கு ஏத்தி, பம்ப் இல்லாம தன்பாட்டில கீழ இறங்க விட்டவங்க, அழகான யோசனை, அதில ஒரு துண்டை நாங்களும் எடுக்கலாம், மோல்ட் மூட்டையையும் உடைக்கிற மெசினையும் மேல் மாடியில வைச்சுக் குழாயால கீழ விடுறது. காத்தில ஈரம் கூடின ஊரில மோல்ட்டுக்கும் மேல் மாடி தான் நல்லம், எலித் தொல்லையும் குறைவு. அந்த அறையை இறுக்கமாப் பூட்டுங்க, மோல்ட் தூசி பியர் டாங்குப் பக்கம் வந்தா புளிக்கவைக்கிற கிருமியும் அதோட வரும், தூசி தீப்பிடிக்கவும் கூடும்.

இப்ப உயிர் போற விசயம். புளிக்கேக்க காபனீரொட்சைட்டு வரும், 500 லீற்றர் பியருக்கு மூண்டு நாலு நாளில 19 கிலோ கிட்ட, அது 10 கன மீற்றர் காத்து. காத்தை விடப் பாரமானது, நிலத்தோட தங்கும். கிணறு இறைக்க இறங்க முதல் விளக்கை இறக்கிப் பாக்கச் சொல்லி எங்கட அப்பப்பா காலத்து ஆக்கள் சொன்னது இந்த மாதிரிக் காத்துக்குத் தான். அதால நிலக்கீழ் அறை வேண்டவே வேண்டாம், டாங்க் அறைக்குப் படியிறங்கிப் போறதும் வேண்டாம், வெளிய விடுற ஃபேன் கணுக்கால் உயரத்தில இருக்கவேணும், கூரைக்குக் கிட்ட இல்ல. சென்சரை முழங்காலுக்குக் கீழ பூட்டி 5000 பிபிஎம்மில, அதாவது பத்து லட்சம் பங்கு காத்தில 5000 பங்கு வந்த உடன, அலாரம் அடிக்க வையுங்க, அலாரம் கதவுக்கு வெளியிலயும் கேக்கவேணும், உள்ளுக்குப் போக முதல் தெரியவேணுமே. சூட்டுப் பக்கத்துக்கு எதிர்ப்பிரச்சினை, அங்க ஒரு மணித்தியாலத்தில முப்பது லீற்றர் கிட்டத் தண்ணி ஆவியாகும், கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலயே புகைபோக்கி வைச்சு வெளிய விடாட்டி சீலிங் பூஞ்சணம் பிடிச்சுக் கறுக்கும்.

காத்துத் திசையைச் சொல்லத் தேவையில்ல, ஊர்க்காரருக்குத் தெரியும், ஆனா கொழும்பில இருந்து வாற ஆர்க்கிடெக்ட்மாருக்குச் சொல்லுங்க. வைகாசி தொட்டு ஆவணி மட்டும் கச்சான் மேற்கால நெருப்பா அடிக்கும், மேற்குச் சுவரில யன்னல் வையாதீங்க, அந்தப் பக்கம் படி, மலசலகூடம், சாமான் அறை. பின்னேரம் கடல் காத்து கிழக்கால வரும், அதை டாங்க் அறைக்குள்ளால இழுங்க. கார்த்திகை மார்கழியில வாடையோட மழை சரிச்சு அடிக்கும், கிழக்கு வடக்குத் திறப்புக்கு மேல ஒண்டேகால் மீற்றர் தாவாரமாவது வேணும். 1964 மார்கழிப் புயல் கதை கேட்டு வளந்த ஊர், 2020இல புரெவியும் இந்தப் பக்கத்தால தான் வந்தது, கூரைத் தகட்டுக்கு ஆணி பத்தாது, போல்ட் போட்டு வளையோட கட்டுங்க. வெளிப்பக்கம் நிக்கிற ஸ்ரெயின்லெஸ் எல்லாம் 316 எண்டுற ரகமா இருக்கட்டும், உள்ளுக்கு 304 காணும், ஆனா குளோரின் போட்டுக் கழுவினா ரெண்டும் பொத்தல் விழும்.

மேல கிளாஸ்ரூம். 16 பேர், நாலு மேசை, மேசைக்கு ஒரு சிங்க், 20 லீற்றர்ப் பானை ஒண்டு. கீழ நடக்கிறதைப் பாக்க உள்பக்கம் கண்ணாடி வேணும் எண்டு எல்லாரும் கேப்பாங்க, நல்லது தான், ஆனா கிளாஸில ஏசியைக் குளிரா விட்டா கீழ் ஆவி கண்ணாடியில பட்டு ஓடும், ஒண்டும் தெரியாது. ரெட்டைக் கண்ணாடி போடுங்க, இல்லாட்டி ஏசியை 26இல வைச்சு ஃபேன் போடுங்க. ருசி பாத்துப் படிக்கிற அறை தனி, சின்னது, வெள்ளைச் சுவர், கொதி வாசம் வராத பக்கம், துப்ப ஒரு சிங்க். மைக்ரோஸ்கோப் வைக்கிற மேசை ஆக்கள் நடக்காத மூலையில, இல்லாட்டி பிளட் ஆடும்போது ஈஸ்ட்டும் ஆடும்.

கள்ளையும் சேக்கவேணும் எண்டு நான் சொல்லுவன், பனங்கள்ளு இருக்கிற ஊரில புளிக்கிறதைப் படிப்பிக்க பார்லியை மட்டும் காட்டுறது சரியில்ல. அப்பத்துக்குக் கள்ளு விட்டு மாப் புளிக்க வைச்ச வீட்டுப் பிள்ளைக்கு ஈஸ்ட் எண்டா என்ன எண்டு அரை நிமிசத்தில விளங்கும். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினா கருப்பணி, அதான் புளிக்காத பதநீர், பூசாட்டி கள்ளு, இதை விடச் சுகமான பாடம் இல்ல. ஆனா கள்ளு அறையும் வினாகிரி அறையும் பியர் டாங்குக்குக் கிட்ட வரவே கூடாது. 1883இல கோப்பன்ஹேகனில கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில எமில் ஹன்சன் எண்டவர் ஒற்றை ஈஸ்ட் கலத்தில இருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளத்தெடுத்தவர், அதுக்குப் பிறகு தான் பியர் ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி வரத் தொடங்கினது. கள்ளில அதுக்கு நேர் எதிர், காத்தில பாளையில இருக்கிற எல்லாம் வந்து விழுந்து தான் கள்ளு. ரெண்டையும் ஒரு கூரைக்குக் கீழ வைக்கிறதெண்டா வளவிட மற்ற மூலை, தனிக் கதவு, தனிக் கான், தனித் துடைப்பம், பியர் டாங்குப் பக்கம் காத்து போகாத திசை. கள்ளு அறையில வேலை செய்தவர் அண்டைக்கு பியர்ப் பக்கம் போறதில்ல எண்டு ஒரு ஒழுங்கும் வைக்கவேணும், அதுக்கு ஏத்த மாதிரி உடுப்பு மாத்துற இடம் நடுவில, பூட்ஸ் கழட்டிக் கை கழுவுற சிங்க்கோட.

கடைசியா ஒண்டு. நிலப் பூச்சுப் போட முதல், கொங்கிறீட் காய்ஞ்ச உடன, கொன்ராக்டர் காசு கேட்டு நிக்கேக்க, ஒரு வாளி தண்ணியை அறையிட நாலு மூலையிலயும் மாறி மாறி ஊத்துங்க. ஒரு நிமிசத்துக்குள்ள கானுக்குப் போகவேணும். எங்கயாவது ஒரு சின்னக் குட்டை நிண்டா சோக்கால வட்டம் கீறி, அதைச் சரிப்படுத்தின பிறகு செக்கை எழுதுங்க.